சனிக்கிழமை நீங்க முன்னாடி நடங்க

போன இதழ்ல நானும் எங்க வீட்டுக்காரரும் பூசான்ல இருந்த ஆறு வருஷத்தைப் பத்தி ரெண்டே ரெண்டு பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல, வந்ததுல பாதிக்கு மேல சனி ஞாயிறுல எங்க போறது, என்ன பண்றதுன்னுதான். அதனால மத்த கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், இந்த தடவை முழுக்க பூசான்தான். தெரியாதவங்களுக்காக ஒரு வரி: தென்கொரியாவோட ரெண்டாவது பெரிய ஊர், ஒரு பக்கம் கடல், மூணு பக்கம் மலை, நடுவுல கிடைச்ச சந்துல எல்லாம் அபார்ட்மென்ட்.

அக்கா, கல்யாணமாகி நாலு மாசம் ஆகுது. அவர் இங்க போஸ்ட்-டாக், அதாவது பிஎச்.டி.க்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை, நான் டிபெண்டன்ட் விசாவுல வந்திருக்கேன். திங்கள்லருந்து வெள்ளி வரை நாலு சுவத்துக்குள்ளதான். சனி ஞாயிறு அவர் எங்கயாவது கூட்டிட்டுப் போறார், ஃபோட்டோ எடுக்கிறோம், திரும்பி வர்றோம். ஆனா திங்கட்கிழமை காலைல அவர் கதவைச் சாத்திட்டுப் போனதும் அதே அழுகை. எந்த இடத்துக்குப் போனா மனசு சரியாகும்? (வாசகி, பூசான்)

தங்கச்சி, உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன், இது அப்படியே என்னோட முதல் வருஷம். எஃப்-3ங்கற அந்த டிபெண்டன்ட் விசாவுல வேலைக்குப் போக முடியாது, பாஷை தெரியாது, பக்கத்து வீட்ல யாரு இருக்காங்கன்னே தெரியாது, அவர் ராத்திரி எட்டு மணிக்கு வர்ற வரைக்கும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். இடம் சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு நடந்த ஒண்ணைச் சொல்லிடறேன்.

நாங்க போய் மூணாவது சனிக்கிழமை குபோ சந்தைக்குக் கூட்டிட்டுப் போனார். 3-லயும் 8-லயும் முடியற தேதிகள்ல, அதாவது 3, 8, 13, 18ன்னு கூடுற அஞ்சு நாள் சந்தை. நம்ம ஊர் வாரச்சந்தை மாதிரியேதான், பாட்டிங்க தரையில துணி விரிச்சு முள்ளங்கி, பூண்டு, காஞ்ச மிளகாய், என்னென்னமோ கீரைன்னு குவிச்சு வச்சுட்டு உக்காந்திருப்பாங்க, அதைப் பார்த்ததும் எனக்குப் போன உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. அடுத்த சந்தை வியாழக்கிழமை வந்துச்சு, அவர் லேபுக்குப் போனதும் நானே கிளம்பிட்டேன், எப்படியோ கேட்டுக் கேட்டுப் போயும் சேர்ந்துட்டேன், முள்ளங்கி வாங்கினேன், திரும்பி வரணும்னு பார்த்தா கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி ஆயிடுச்சு. எந்த சந்துல வந்தேன், ஸ்டேஷன் எந்தப் பக்கம், ஸ்டேஷன் பேர் என்ன, ஒண்ணும் தெரியல. ஃபோன்ல சார்ஜும் போயிடுச்சு. முள்ளங்கியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நடுச் சந்தையில நின்னு அழுதேன். ஒரு பாட்டி எழுந்து வந்து, கடையைப் பக்கத்துல இருந்தவங்ககிட்ட பார்த்துக்கச் சொல்லிட்டு, என் மணிக்கட்டைப் பிடிச்சு தொக்சொன் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டாங்க.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன், அதே இடத்துக்கு சனிக்கிழமை போயிட்டுதானே வந்தோம், ஏன் வழி தெரியலன்னு. ஏன்னா சனிக்கிழமை நான் பார்த்தது அவரோட முதுகை மட்டும்தான். மேப் அவர் கையில, கார்டு அவர் கையில, கடையில பேசறது அவர். நான் பின்னாடியே போய் ஃபோட்டோவுக்கு நின்னுட்டு வந்திருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். சனிக்கிழமை வீட்டைப் பூட்டறதுலருந்து திரும்ப வந்து திறக்கற வரைக்கும் நான்தான் முன்னாடி நடப்பேன், வழி நான் பார்ப்பேன், ஆர்டர் நான் சொல்லுவேன், அவர் பின்னாடி வருவார், நான் தப்பான பஸ்ல ஏறினாலும் வாயைத் திறக்கக் கூடாது. முதல் மாசம் ரெண்டு தடவை ஊரைச் சுத்திட்டு வந்தோம், பரவாயில்ல. சனிக்கிழமை போற இடத்துக்கு செவ்வாய்க்கிழமை நான் தனியா போயிட்டு வரணும், அதுதான் கணக்கு. நீங்க கேட்டீங்களே எந்த இடம் போனா மனசு சரியாகும்னு, எனக்கு சரியானது இடத்தால இல்ல தங்கச்சி, இந்த ஏற்பாட்டாலதான்.

அதுக்கு முதல் வேலை எழுத்து. கொரிய எழுத்துக்குப் பேர் ஹங்குல், இப்ப மொத்தம் 24 எழுத்து, 14 மெய், 10 உயிர், 1446-ல சேஜோங் ராஜா வெளியிட்டது. இங்கிலீஷ்காரங்களுக்குத்தான் இது புதுசு, நமக்கு இல்ல. நம்ம க்+ஆ=கா மாதிரியேதான், மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டம், அந்தக் கட்டத்துக்குக் கீழ ஒரு மெய் வந்தா அது நம்ம புள்ளி வச்ச எழுத்து மாதிரி. இன்னொண்ணு நானா கண்டுபிடிச்சு துள்ளிக் குதிச்சது: கடல்ல வர்ற க வேற சத்தம், அகம்ல வர்ற க வேற சத்தம், ஆனா எழுத்து ஒண்ணுதானே நமக்கு? கொரியன்லயும் அப்படித்தான், க, த, ப மூணும் வார்த்தை ஆரம்பத்துல ஒரு மாதிரியும் நடுவுல வந்தா மெதுவாவும் ஒலிக்கும். ஊர் பேரையே இங்கிலீஷ்ல முன்னாடி பீட்டருக்கு வர்ற பி போட்டு எழுதினாங்க, 2000-ல விதியை மாத்தினப்புறம் பாம்பேக்கு வர்ற பி போட்டு எழுதறாங்க. நமக்கு ரெண்டுமே ப தான், குழப்பமே இல்ல. ரெண்டு சனி ஞாயிறு மெட்ரோல உக்காந்து ஒவ்வொரு ஸ்டேஷன் பேரையும் எழுத்துக் கூட்டிப் படிங்க, மூணாவது வாரம் கடை போர்டு படிப்பீங்க. அர்த்தம் தெரியாட்டாலும் படிக்க முடியுதுங்கறதே ஒரு தெம்பு.

வழிக்கு கூகுளை நம்பாதீங்க, கொரியக்காரங்க வச்சிருக்கற நேவர் மேப், இல்லன்னா ககாவோ மேப் வச்சுக்கங்க. அப்புறம் பஸ்ல ஏறும்போது மட்டும் இல்ல, இறங்கும்போதும் கார்டைத் தட்டணும், அப்பதான் அடுத்த பஸ்ஸுக்கோ மெட்ரோவுக்கோ மாறும்போது சலுகை கிடைக்கும்.

முதல் மூணு வாரத்துக்கு இடம்: மெட்ரோவுல ரெண்டாம் லைன் பச்சைக் கலர், அதுல குவாங்கல்லி கடற்கரை. அடுத்த வாரம் அதே பச்சை லைன்ல இன்னும் கொஞ்சம் தள்ளி ஹேஉன்டே கடற்கரை. மூணாவது வாரம் ஆரஞ்சு லைன்ல நாம்போ கடைத்தெரு. மூணும் சுலபமான இடங்க, ஒரே லைன்ல போய் இறங்கி நடந்தா வந்துரும், தொலைய வழியில்ல. ஒரு நாளைக்கு ஒரு இடம்தான். ஒரே சனிக்கிழமையில கம்சொன் கிராமம், ஜகல்ச்சி மீன் சந்தை, தேஜொங்தே கடல் பாறைன்னு மூணையும் முடிச்சுட்டு வர்றவங்களை நிறையப் பார்த்திருக்கேன், ராத்திரி கேட்டா எது எங்க இருந்துச்சுன்னே அவங்களுக்குத் தெரியாது.

வாரம் முழுக்க லேப்ல பன்னெண்டு மணி நேரம் நிக்கறேன். சனிக்கிழமையாவது தூங்கலாம்னா மனைவி வெளிய போகணும்ங்கறாங்க. ரெண்டு பேருக்கும் சண்டையே இதுலதான் வருது. (வாசகர், பூசான்)

தம்பி, மேல இருக்கற கடிதத்தை முதல்ல படிங்க. உங்க மனைவி ஊர் சுத்த ஆசைப்பட்டு கேக்கல, மூச்சு விடக் கேக்கறாங்க. உங்களுக்கு ஓய்வு வேணும், அவங்களுக்கு வெளிக்காத்து வேணும், ரெண்டுமே நியாயம்தான். அதனால காலைல தூங்கிடுங்க, பன்னெண்டு மணி வரைக்கும் தூங்குங்க, யாரும் எழுப்பக் கூடாது. சாயங்காலம் உங்களோடது இல்ல, அவங்களோடது.

சாயங்காலத்துல போற மாதிரி நிறைய இருக்கு. குவாங்கல்லியில சனிக்கிழமை ராத்திரி ட்ரோன் ஷோ நடத்துவாங்க, கோடைல 8 மணிக்கும் 10 மணிக்கும், குளிர்காலத்துல 7-க்கும் 9-க்கும், எதிர்ல ஏழு கிலோமீட்டருக்கு மேல நீளமான குவாங்கன் பாலம் முழுக்க லைட்டு. மணல்ல ஒரு பாயை விரிச்சு உக்காந்தா போதும், காசு கிடையாது. காத்து பலமா இருந்தா நிறுத்திடுவாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி பார்த்துக்கங்க. அப்புறம் ஒன்சொன்ஜாங்ல தெருவோரமாவே வெந்நீர் ஊத்துத் தண்ணியில காலை நனைச்சுட்டு உக்கார்ற இடம் ஒண்ணு இருக்கு, அதுவும் இலவசம், ரொம்ப காலமா பேர் போன தொங்னே வெந்நீர் ஊத்து அது. நின்னு நின்னு வீங்கின காலுக்கு அதை விட மருந்து இல்ல. எங்க வீட்டுக்காரர் பேசவே பேசாத மனுஷன், அந்தத் தண்ணியில காலை விட்டுட்டு பக்கத்துல இருக்கற தாத்தாங்களோட அரைகுறை கொரியன்ல பேச ஆரம்பிச்சுட்டார். ஊர்ல திண்ணையில உக்காந்த மாதிரி இருக்குன்னார்.

நாங்க சைவம். முட்டையும் கிடையாது. வெளிய போனா பட்டினிதான். சாப்பாட்டுக்கு பயந்தே வீட்ல இருந்துடறோம். (வாசகி, பூசான் பக்கம்)

இதுக்காக வீட்ல அடைஞ்சு கிடக்காதீங்க. கஷ்டம்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன், பூசானே மீன் ஊர், சூப்புன்னா நெத்திலி கொதிக்க வச்ச தண்ணி, கிம்ச்சியில உப்புப் போட்ட இறாலோ மீன் சாறோ சேரும். கண்ணுக்கு காய்கறி மாதிரி தெரியும், உள்ள இருக்கும்.

நாங்க பண்ணினது இதான். கையில எப்பவும் ஒரு டப்பா எலுமிச்சை சாதமோ புளி சாதமோ இருக்கும், கடற்கரையில, பார்க்ல உக்காந்து சாப்பிடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அங்க எல்லாரும் அப்படித்தான் கட்டிட்டு வர்றாங்க. குப்பையை மட்டும் திரும்ப பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வரணும், தெருவுல குப்பைத்தொட்டி தேடினாலும் கிடைக்காது.

ஒரு வார்த்தை கத்துக்கங்க, "பே ஜுசேயோ", எடுத்துட்டுக் குடுங்கன்னு அர்த்தம். கோகின்னா கறி, கெரான்னா முட்டை. "கோகி பே ஜுசேயோ, கெரான் பே ஜுசேயோ"ன்னு சொன்னா பிபிம்பாப்ல கறியும் முட்டையும் இல்லாம சோறு, காய், மிளகாய் விழுது மட்டும் வரும். கிம்பாப்னா கடல்பாசித் தாள்ல சோத்தையும் காயையும் வச்சுச் சுருட்டறது, அந்தக் கடையில ஹாம், மீன் கேக், முட்டை மூணையும் எடுக்கச் சொல்லணும், முதல் தடவை கடைக்கார அம்மா அப்புறம் என்னதான் இருக்கும்னு கேட்டாங்க, கீரையும் கேரட்டும் முள்ளங்கி ஊறுகாயும் போதும்னு காமிச்சேன், மூணாவது தடவை போனப்போ நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்களே சொல்லிட்டாங்க.

தெருவுல கிடைக்கறது: நாம்போவுல விதை ஹொத்தோக், மாவுக்குள்ள வெல்லம் மாதிரி சர்க்கரை வச்சு எண்ணெயில பொரிச்சு, நடுவுல கீறி சூரியகாந்தி விதை, பூசணி விதை, கடலைன்னு அள்ளித் திணிச்சுக் குடுப்பாங்க, குளிர்ல கை பொசுக்க பொசுக்க சாப்பிடணும். சுட்ட சக்கரவள்ளிக் கிழங்கு, சுட்ட செஸ்ட்நட் கொட்டை, அவிச்ச சோளம் எல்லாம் இருக்கு. புங்கோபாங்னு ஒண்ணு மீன் வடிவத்துல இருக்கும், அதைப் பார்த்துட்டு ஆறு மாசம் நான் தொடவே இல்ல, அப்புறம்தான் தெரிஞ்சுது உள்ள இருக்கறது இனிப்பு போட்ட சிவப்பு பயறு, மீனே கிடையாது. ஆனா மாவுல முட்டை சேர்க்கறவங்களும் இருக்காங்க, நீங்க கேட்டுட்டு வாங்குங்க.

கடற்கரை தவிர செலவில்லாம போற இடம் சொல்லுங்க. (பலர் கேட்டது)

யொங்தோ பாலத்துல ஆரம்பிக்கறேன். 1934-ல கட்டினது, கப்பல் போக ஒரு பக்கம் மேல எழும்பற மாதிரி. 1966-ல நிறுத்திட்டாங்க, மறுபடி 2013-லருந்து தூக்கறாங்க. நாங்க இருந்தப்போ சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மட்டும், ஒரு கால் மணி நேரம். பாட்டு போடுவாங்க, வண்டி எல்லாம் நிக்கும், ரோட்டோட ஒரு துண்டு அப்படியே வானத்தைப் பார்த்து எழும்பும், மேல போட்டிருக்கற வெள்ளைக் கோடும் சேர்ந்து நிக்கும். பார்க்க வேடிக்கைதான், ஆனா பக்கத்துல நிக்கற வயசானவங்க முகத்தைப் பாருங்க. 1950-ல வட கொரியாவோட சண்டை வந்து நாடே தெற்கு நோக்கி ஓடி வந்தப்போ, வழியில பிரிஞ்சா யொங்தோ பாலத்துல பார்த்துக்கலாம்னு சொல்லிட்டு ஓடியிருக்காங்க, ஏன்னா பூசான்ல எல்லாருக்கும் பேர் தெரிஞ்ச இடம் அது ஒண்ணுதான். இங்க வந்து நாள்கணக்கா காத்துட்டு நின்னவங்க எத்தனையோ பேரு.

பூசானை இந்தக் கதையோடதான் பார்க்கணும். கம்சொன் கிராமத்துல கலர் கலரா வீடுன்னு எல்லாரும் ஃபோட்டோ எடுக்கறோம், அது சண்டையப்போ ஓடி வந்தவங்க மலைச்சரிவுல ஒண்ணுக்கு மேல ஒண்ணா கட்டின குடிசைங்க, 2009-லதான் ஓவியம் எல்லாம் வரைஞ்சு இப்படி ஆக்கினாங்க. இன்னும் அங்க ஜனங்க குடியிருக்காங்க, துணி காயப்போட்டிருப்பாங்க, மெதுவா பேசிட்டு நடங்க.

அப்புறம் ஐ.நா. நினைவுக் கல்லறை, பச்சை லைன்ல தேயொன் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கணும். 1951-ல அமைச்சது, உலகத்துல ஐ.நா.வோட கல்லறை இது ஒண்ணுதான். கல்லறைக்கு ஜோடியா யார் போவாங்கன்னு கேக்காதீங்க, அவ்ளோ அமைதி, அவ்ளோ ரோஜாச் செடி. எங்களுக்கு அதுல இன்னொரு ஒட்டுதலும் இருக்கு. அந்தச் சண்டைக்கு இந்தியா துப்பாக்கி தூக்கின படை அனுப்பல, 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ்னு ஒரு மருத்துவப் படைப்பிரிவை அனுப்புச்சு, அதுக்குத் தலைமை தாங்கினவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், தமிழ் டாக்டர், மகாவீர் சக்ரா வாங்கினவர். அவங்க 1950 நவம்பர்ல வந்து இறங்கினது இதே பூசான் துறைமுகத்துலதான். அப்பவே இங்க நம்ம ஆளு ஒருத்தர் வந்து காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்கார்னு நினைச்சா அந்த ஊர் கொஞ்சம் நெருக்கமாயிடுச்சு எனக்கு. பக்கத்துலயே பூசான் மியூசியம், அதுவும் இலவசம்.

நடக்கப் பிடிக்கும்னா ஹேஉன்டே மிபோலருந்து சொங்ஜொங் வரைக்கும் பழைய ரயில் பாதை, 4.8 கிலோமீட்டர். அதுல ஓடற குட்டி ரயிலுக்கும் மேல போற கேப்ஸ்யூலுக்கும் டிக்கெட் உண்டு, பக்கத்துலயே மரப்பலகை போட்ட நடைபாதைக்கு ஒண்ணும் கிடையாது. கடல் கூடவே வரும். என்னைக் கேட்டா ரயில்ல போறதை விட நடக்கறதுதான் நல்லது, பேசிட்டே போகலாம்.

என் மகளும் மருமகனும் பூசான்ல இருக்காங்க. கோயில் குளம்னு ஒண்ணும் இல்லாத ஊர்ல வெள்ளி செவ்வாய் எப்படிப் போகுதோன்னு கவலையா இருக்கு. (ஓர் அம்மா, மன்னார்குடி)

அம்மா, கவலைப்படாதீங்க, நம்ம சாமி இல்லாட்டியும் கோயில் நிறைய இருக்கு. பொமோசான்னு ஒரு புத்தர் கோயில், கி.பி. 678-ல உய்சாங்னு ஒரு துறவி கட்டினது, கும்ஜொங் மலைச்சரிவுல இருக்கு. ஆரஞ்சு லைன்ல பொமோசா ஸ்டேஷன்ல இறங்கி 90-ம் நம்பர் பஸ் ஏறினா மேல கொண்டு போய் விடும். செருப்பைக் கழட்டிட்டு உள்ள போய் மெத்தையைப் போட்டு விழுந்து கும்பிடறாங்க, சாயங்காலம் மணியும் முரசும் அடிக்கறப்போ மலை முழுக்க அதிரும். நான் அங்க போய் கண்ணை மூடி நின்னா எங்க ஊர் தாயுமானவர் சன்னதிதான். புத்தர் பிறந்தநாள் அவங்க சந்திர மாசக் கணக்குல நாலாம் மாசம் எட்டாம் தேதி, கோயில் பூரா தாமரை விளக்கு கட்டி, வர்றவங்களுக்கு எல்லாம் கறி மீன் இல்லாத சாப்பாடு போடுவாங்க, மகளை அன்னிக்கு கண்டிப்பா போகச் சொல்லுங்க.

இன்னொண்ணு கடலோரப் பாறை மேலயே இருக்கற யொங்குங்சா, 1376-ல நாவோங்ங்கற துறவி தொடங்கினது, 108 படி இறங்கணும், அலை தெறிச்சு முகத்துல அடிக்கும். திருச்செந்தூரை நினைக்காம இருக்க முடியாது. அந்தப் படிக்கட்டுல ஆண் குழந்தை வேணும்னு வயித்தைத் தொட்டுக் கும்பிடற ஒரு புத்தர் சிலை இருக்கு, தொட்டுத் தொட்டு வயிறு கருத்துப் போயிருக்கும். எங்களுக்கு ரொம்ப வருஷம் குழந்தை இல்ல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஊர்லருந்து ஃபோன்ல அந்தக் கேள்வி வரும், அந்தப் பேச்சு முடிஞ்சப்புறம் அன்னிக்கு எங்கயும் கிளம்ப மனசு இருக்காது, ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்திருப்போம். ஒரு தடவை அந்தச் சிலைக்கிட்ட நான் நின்னப்போ அவர் ஒண்ணுமே சொல்லாம என் பையை வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னார். உங்க மகளுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது அம்மா. ஆனா ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா, இன்னிக்கு எங்க போனீங்க, என்ன சாப்பிட்டீங்க, கடல் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் கேளுங்க.

கொரியாவோட முதல் ராணி தமிழ்ப் பொண்ணுன்னு வாட்ஸ்அப்ல வருதே, அந்த இடம் பக்கத்துலதான்னு சொல்றாங்க, போய்ப் பார்க்கலாமா? (வாசகர், மதுரை, மகன் பூசானில்)

தாராளமா போகலாம், பூசான்லருந்து கிம்ஹேவுக்கு லைட் ரயில் இருக்கு. கிம்ஹேங்கறது பழைய கயா நாட்டோட தலைநகர், சூரோ ராஜா சமாதியும் ஹொ ஹ்வாங்-ஓக் ராணி சமாதியும் அங்கதான், புல் போர்த்தின பெரிய மேடு மாதிரி இருக்கும். 13-ம் நூத்தாண்டுல எழுதின சம்குக் யூசாங்கற நூல்ல, கி.பி. 48-ல அயுதாங்கற நாட்டுலருந்து 16 வயசுப் பொண்ணா கப்பல்ல வந்தாங்கன்னு இருக்கு. அலையை அடக்கறதுக்காக கப்பல்ல கொண்டு வந்ததா சொல்ற கல்லு இன்னும் ராணி சமாதிப் பக்கத்துல ஒரு குட்டி கோபுரமா அடுக்கி வச்சிருக்கு.

அயுதாங்கறது அயோத்தின்னு ஒரு கட்சி, அங்க நினைவிடமே கட்டியிருக்காங்க, தமிழ்நாட்டுப் பக்கம் ஆய் நாடுன்னு இன்னொரு கட்சி. நூல் எழுதினதே அந்தக் காலத்துக்கு ஆயிரத்து எரநூறு வருஷம் கழிச்சு, அதை வச்சு இதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, வாட்ஸ்அப்ல வர்ற மாதிரி உறுதியா நான் சொல்ல மாட்டேன். ஆனா அங்க ஒரு குழந்தை ஓடி வந்து ஓம்மா, அப்பான்னு கூப்பிடறப்போ திரும்பிப் பார்க்காத தமிழ் ஆளு கிடையாது. புல்லுக்கு அவங்களும் புல்னுதான் சொல்றாங்க, நாளுக்கு நல். மொழிக்காரங்க இதெல்லாம் தற்செயலா இருக்கலாம்ங்கறாங்க, இருக்கட்டும், கேக்க சந்தோஷமா இருக்குல்ல.

கிம்ஹே போனா தொங்சாங் சந்தைப் பக்கமும் ஒரு நடை போங்க, ஃபேக்டரிகள்ல வேலை பார்க்கற வெளிநாட்டு ஆளுங்க ஞாயித்துக்கிழமை கூடற இடம். நேபாளம், இலங்கை, உஸ்பெகிஸ்தான்னு எல்லா ஊர் கடையும் இருக்கும். பருப்பு, கடுகு, மிளகாய்த்தூள் எல்லாம் நான் அங்கதான் வாங்குவேன். ஒரு கடையில மட்டக்களப்புத் தம்பி ஒருத்தர், "அக்கா, எங்க இருந்து வாறீங்க?"ன்னு கேட்டார் பாருங்க, ரெண்டு மணி நேரம் அங்கயே நின்னு பேசிட்டு ரயிலை விட்டோம்.

மழை, புயல் நாள்ல என்ன பண்றது? (வாசகி, பூசான்)

ஜூன் கடைசிலருந்து ஜூலை வரை விடாத மழை, ஆகஸ்ட் செப்டம்பர்ல புயல். ஃபோன்ல எச்சரிக்கை அலறினா கடற்கரைப் பக்கம் போகவே போகாதீங்க, வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். மியூசியம், இல்லன்னா பெரிய புத்தகக் கடை, இல்லன்னா வீட்லயே முள்ளங்கி சாம்பார். கொரிய முள்ளங்கி நம்ம முள்ளங்கியை விட இனிப்பு, புளி கொஞ்சம் தூக்கலா போடணும்.

இன்னும் ரெண்டு வாரத்துல ஊருக்குத் திரும்பறோம். கடைசி சனிக்கிழமைக்கு ஒரே ஒரு இடம் சொல்லுங்க. (ஒரு ஜோடி, பூசான்)

புது இடம் எதுக்கும் போகாதீங்க. நீங்க அதிகமா போன இடம் எதுவோ அங்கயே போங்க.

எங்க கடைசி சனிக்கிழமை சந்தை நாளா அமைஞ்சுது, குபோவுக்குப் போனோம். அதே பாட்டி. அந்த ஊர் எள்ளிலைன்னு சொல்ற கேன்னிப் ஒரு கட்டு வாங்கினேன். ஊருக்குப் போறோம், இனிமே வர மாட்டேன்னு கொரியன்ல சொன்னேன், அதுக்குள்ள அவ்ளோ பேச வந்திருந்துச்சு. அவங்க ஒண்ணும் சொல்லல. கட்டை எடுத்துப் பையில போட்டுட்டு, இன்னொரு கை அள்ளி மேல வச்சாங்க. நம்ம ஊர்ல கொசுறுன்னு சொல்றதை அவங்க சொபிஸ்னு சொல்லுவாங்க, சர்வீஸ்ங்கற இங்கிலீஷ் வார்த்தைதான். "சொபிஸ்"னாங்க. அப்புறம் இன்னும் ஒரு கை. அப்புறம் ஒரு முள்ளங்கியும்.